கடைமடைக் கொட்டகை

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்கள் முடிந்து சோலைக்காடு தொடங்குகிற இடத்தில் ஒரு மரவீடு இருக்கிறது. ஜீப் போகாது. ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏறித்தான் போக வேண்டும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள். வந்ததும், "அடடா, என்ன அமைதி!" என்பார்கள். மறுநிமிடமே வைஃபை இருக்கிறதா என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போடுவதும், வெந்நீர் காய வைப்பதும், படுக்கை விரிப்பதும் என் வேலை.

பல வருடமாகப் பிறரை இப்படித் தங்கவைத்துப் பழகியவளே தவிர, நானாக ஒரு தனி வீட்டில் விருந்தாளியாகத் தங்கியதில்லை. இந்தத் தை மாதம்தான் தங்கினேன். அதுவும் மலையில் இல்லை. மலை என்பதையே கண்ணால் பார்க்க முடியாத கீழத்தஞ்சையில், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடையில், என் தங்கை சாந்தியின் வயல் கொட்டகையில்.

சாந்தி எங்கள் வீட்டில் கடைக்குட்டி. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், அங்கே கீழ்வேளூர்ப் பக்கத்து ஆளான முருகையனைக் கட்டிக்கொண்டாள். முருகையனின் அப்பா அம்மா காலமெல்லாம் பிறர் வயலில் வேலை செய்தவர்கள். இவர்கள் இரண்டு பேரும் திருப்பூரில் பல வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்து சேர்த்ததைக் கொண்டுபோய், ஊருக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் நிலம் வாங்கினார்கள். கடல் தண்ணீர் ஏறி உப்புப் பூத்துப்போய், சொந்தக்காரரே வேண்டாமென்று போட்டுவைத்திருந்த நிலம். எங்கள் வீட்டில் எல்லோரும் தலையில் கையை வைத்துக்கொண்டோம். முதல் வருடம் முளைத்த நாற்று கருகியது. அடுத்த வருடம் வெள்ளம் நின்று அழுகியது. இது மூன்றாவது விதைப்பு.

பொங்கல் முடிந்ததும் போன் செய்தாள். "அக்கா, எல்லாரும் எங்களப் பாவம்னுதான் பேசுறீங்க. இந்தத் தடவ வந்து பாரு. அறுப்புக்கு வா. ஊருக்குள்ள இருக்குற வீட்டுல இல்ல, கொட்டகையிலதான் தங்கணும். இப்பவே சொல்லிட்டேன்."

மரவீட்டில் அந்த வாரம் ஆள் இல்லை. ஒரு பை, ஒரு கம்பளி, எங்கள் ஊர் பேக்டரித் தேயிலைத் தூள் ஒரு பொட்டலம். கிளம்பிவிட்டேன்.

கீழ்வேளூரில் ஏறிய மினி பஸ் பாதி வழியில் பஞ்சர் ஆகி நின்றது. எல்லோரும் இறங்கி, வாய்க்கால் மதகுக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்தோம். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. டிரைவர் சக்கரத்தைக் கழற்றும் வரை ஊர் நியாயம் பேச நேரம் கிடைத்ததில் அவர்களுக்குச் சந்தோஷம்தான் என்று தோன்றியது. என் பக்கத்தில் மீன் கூடையோடு ஒரு அம்மா. நாகப்பட்டினத்தில் ஏலத்தில் எடுத்து ஊர் ஊராக விற்கிறவர்.

"எந்த ஊரு ஆயி?"

"கோத்தகிரி."

"ஊட்டிப் பக்கமா? அங்க நெல்லு உண்டா?"

"இல்லைங்க. எல்லாம் டீதான்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "டீத்தண்ணிய வச்சு வயிறு எப்புடி ஆயி ரொம்பும்?"

நான் சுற்றிலும் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை முற்றிய நெல். அந்த மஞ்சளுக்கு நடுவில் நின்றுகொண்டு டீயைப் பற்றி என்ன பெருமை பேசுவது?

பஸ் கடைசியாக நின்ற ஆலமரத்தடியில் சாந்தி காத்திருந்தாள். ஆள் கறுத்து, மெலிந்து, நிமிர்ந்திருந்தாள். இடுப்பில் தண்ணீர்க் குடம், தோளில் அரிசிப் பை. என்னைக் கட்டிக்கொள்ளக் கை இல்லாததால் நெற்றியால் என் தோளில் முட்டினாள். "நடக்கணும்க்கா. ரோடு இதோட முடிஞ்சுது" என்றாள். அதைச் சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. மரவீட்டுக்கு வருகிறவர்களிடம் இதையே நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

மலைச் சரிவில் கண்ணை மூடிக்கொண்டு ஏறி இறங்குகிறவள் நான். இங்கே சமதரையில் தடுமாறினேன். வரப்பு என்பது இரண்டு பாதம் சேர்த்து வைக்க முடியாத அகலம். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் வாய்க்கால். களிமண் பனியில் நனைந்து சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. சாந்தி குடத்தில் ஒரு சொட்டுச் சிந்தாமல் முன்னே போனாள். நான் அவள் பின்னால் கைகளை விரித்துக்கொண்டு, காக்கை விரட்டுகிறவள் மாதிரி போனேன். பாதி தூரத்தில் முழங்கால் அளவு சேற்றில் இறங்கிவிட்டேன்.

"கீழயே பாக்காதக்கா. தூரமா பாத்துட்டு நட."

"தூரமா பாக்க என்ன இருக்கு? எல்லாம் ஒரே மட்டம்."

"அதோ பாரு, கொட்டகை."

தூரத்தில், வயல்களுக்கு நடுவே சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. நடக்க நடக்க அது அங்கேயே இருந்தது. மலையில் ஒரு திருப்பம் திரும்பினால் வீடு மறையும், மறு திருப்பத்தில் பெரிதாக வந்து நிற்கும். இங்கே போகிற இடம் முதலிலிருந்தே தெரிகிறது, ஆனால் வந்து சேர்வதில்லை. கடைசியில் ஒரு வடிகால் ஆறு குறுக்கிட்டது. அதன் மேல் இரண்டு பனைமரங்களைச் சேர்த்துப் போட்டு, பிடிக்க ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். சாந்தி நடந்து கடந்தாள். நான் உட்கார்ந்து நகர்ந்து கடந்தேன். அக்கரையில் நின்றுகொண்டிருந்த முருகையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்கக்கா, மெதுவா வாங்க. பாலம் எங்கயும் போயிடாது" என்றார்.

கொட்டகையைச் சொல்ல வேண்டும். வயல் மட்டத்திலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு மண் கொட்டி மேடு எழுப்பி, அதன் மேல் கட்டியிருந்தார்கள். பனைமரத் தூண்கள். மண்சுவர். தென்னங்கீற்றுக் கூரை, காற்று தூக்காமல் இருக்க மேலே மீன்வலை போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டியது. உள்ளே ஒரு கயிற்றுக்கட்டில், ஒரு அடுப்பு, ஒரு சோலார் விளக்கு, பரண்மேல் விதைப் பானைகள். வாசலில் மழைத் தண்ணீர் பிடிக்கும் நீல டிரம். மறைவுக்குப் பின்பக்கம் கீற்றுத் தட்டி. செல்போன் சிக்னல் மேட்டின் வடக்கு ஓரத்தில் மட்டும். ஊருக்குள் அவர்களுக்குக் காரை வீடு இருக்கிறது. ஆனால் விதைத்த நாளிலிருந்து இரண்டு பேரும் இங்கேதான்.

எங்கள் மரவீட்டு விருந்தாளிகள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். ஏனென்றால் சோறு ஆறிக்கொண்டிருந்தது. வடிகாலில் பிடித்த கெளுத்திக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், சுட்ட கருவாடு. மலையில் நாங்கள் காரட்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் கொண்டு எதையும் சமைப்போம். ஆனால் அந்தக் குழம்பின் புளிப்பும் காரமும் என் கைக்கு வராது. மூன்று முறை சோறு வாங்கினேன். அந்த வீட்டில் சமையல்காரி நான் இல்லை என்பதே பெரிய ஓய்வாக இருந்தது.

மறுநாள் காலையில் சாந்தி வயலைச் சுற்றிக் காட்டினாள். வடிகால் தண்ணீரைக் கையில் அள்ளி, "வாயில வச்சுப் பாரு" என்றாள். உப்பு. கடல் ஏற்றத்தின்போது இந்த வடிகால் வழியாகத்தான் உப்புத்தண்ணீர் மேலே வரும். அதைத் தடுக்க முருகையன் பனம்பலகையில் ஒரு அடைப்புச் செய்து, ஏற்றத்தில் இறக்கவும் வற்றத்தில் தூக்கவும் வைத்திருந்தார். மழைத் தண்ணீரை வயலில் தேக்கி, உப்பைக் கரைத்து வடிய விட்டார்கள். திரும்பத் திரும்பத் தேக்கி, திரும்பத் திரும்ப வடித்தார்கள். பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். பிறகு உப்பு மண் தாங்கும் பழைய நெல்லான குழியடிச்சானைத் தேடிப் பிடித்துத் தெளித்தார்கள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"பாதி ஊர்ல கேட்டது. பாதி யூடியூப். மீதி ரெண்டு வருசம் நாசமாப் போனதுல தெரிஞ்சுகிட்டது."

நான் வயலைப் பார்த்தேன். பக்கத்து நிலங்களெல்லாம் கருவேலம் மண்டிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே இந்த இரண்டு ஏக்கர் மட்டும் தலை சாய்த்து, கதிர் கனத்து நின்றது. இந்தப் பெண்ணுக்கு நான் தலை வாரிப் பின்னிவிட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அட்டை கடித்தால் அழுவாள். அவள் இப்போது கதிர் ஒன்றை உருவி, உள்ளங்கையில் தேய்த்து, உமி நீக்கி, என் வாயில் போட்டாள். சிவப்பு அரிசி. கடித்தால் நறுக்கென்றது.

"இது தவறிப்போனா திருப்பூருக்கே திரும்பிடலாம்னு அவரு சொல்லிட்டாரு" என்றாள். "நானும் சரின்னுட்டேன். அதனாலதான் உன்ன வரச்சொன்னேன். பாத்தவங்க யாராச்சும் ஒருத்தர் வேணும்ல?"

அறுக்க, ஈர வயலிலும் ஓடும் பெல்ட் மிஷினுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மறுநாள் வர வேண்டும். மிஷின் வரவில்லை. அதை ஓட்டுகிறவர் மட்டும் பைக்கில் வடிகால் கரை வரை வந்து, அக்கரையில் நின்றபடியே பேசினார். வயலுக்கு மிஷின் வருகிற வழி கொஞ்சம் வடக்கே உள்ள ஒரு மதகு. அதன் கரை உள்வாங்கிவிட்டதாம்.

"வயலு நல்லாத்தாண்ணே இருக்கு. நான் எங்கேருந்து வண்டிய எறக்குறது? பொங்கலுக்கு முந்தி ஒரு மிஷினு அதுல போயி, கரை அப்புடியே உக்காந்துடுச்சு. இன்னொண்ணு எறக்குனா கவுந்துடும்."

"தம்பி, நாளன்னிக்கி மழைங்குறாங்க" என்றார் முருகையன்.

"தெரியும்ண்ணே. அதனாலதான் எல்லா ஊர்லயும் என்னய இழுக்குறாங்க." அவர் குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

முருகையன் மேட்டின் வடக்கு ஓரத்துக்குப் போய் போனைப் பார்த்தார். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று அதில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். முற்றிய பயிர் மழையில் படுத்தால், நின்ற தண்ணீரிலேயே முளைத்துவிடும் என்று எனக்கு அப்போதுதான் சொன்னார்கள்.

"போன வருசம் மாதிரியே ஆயிடும் போலருக்கு" என்றார்.

"ஆவாது" என்றாள் சாந்தி. "நீங்க எந்திரிச்சு அரிவாளத் தீட்டுங்க. அக்கா, நீ என்கூட வா."

மறுபடியும் பனைமரப் பாலம். இந்த முறை நான் உட்காரவில்லை. நடந்தே கடந்தேன். அவள் போன வேகத்துக்கு உட்கார நேரம் இல்லை.

ஊரில் அஞ்சம்மாவின் வீட்டுக்குப் போனோம். முன்பெல்லாம் அந்தத் தெருவின் நடவு, அறுப்பு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனவர். இப்போது மாடு இரண்டு வைத்துப் பால் ஊற்றுகிறார். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. சாந்தி வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னாள்.

அஞ்சம்மா டிவியை அணைத்தார். "மிஷினு வராதுன்னா கையிதான். அதுக்கு ஏன் இப்புடி மூச்சு வாங்குற?"

"ஆளு கெடைக்குமாக்கா? ஒரு நாளைக்குள்ள அறுக்கணும்."

"ஏன் கெடைக்காது? புல்லு மொளைக்காத எடம்னு நானே சொல்லியிருக்கேன். நீங்க அத வாங்குனப்ப இந்தத் தெருவே சிரிச்சுது. அங்க அறுக்கக் கூப்புட்டா எவளாச்சும் வரமாட்டேம்பாளா? பாக்கணும்ல?" பிறகு என்னைக் காட்டி, "இது யாரு?" என்றார்.

"எங்கக்கா. கோத்தகிரி."

"அறுக்கத் தெரியுமா?"

"கொழுந்து கிள்ளத் தெரியும்" என்றேன்.

"சரி, வாங்க. கட்டு தூக்கலாம்" என்றார்.

விடிந்ததும் நான் பார்த்த காட்சியை எங்கள் மலையில் எந்தப் பனிக்காலையிலும் பார்த்ததில்லை. தூரத்து வரப்பில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் அரிவாள், கையில் டிபன் தூக்கு. தெருவே கிளம்பி வந்திருந்தது. அஞ்சம்மாவின் மகளும் வந்திருந்தாள். திருவாரூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், லீவில் ஊருக்கு வந்தவள். அஞ்சம்மா அவளை எனக்குக் காட்டி, "காலேசுல பாடம் எடுக்குறா. அறுப்பும் அறுப்பா. ரெண்டும் நான் போட்ட சோறு" என்றார். மகள் வெட்கப்பட்டுக்கொண்டு அரிவாளோடு வரிசையில் போய் நின்றாள். அஞ்சம்மாவுக்கு இரண்டு அடி முன்னால்தான் அவள் வரிசை போய்க்கொண்டிருந்தது.

பேச்சும் சிரிப்புமாகத்தான் ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. சர்ரக், சர்ரக் என்று அரிவாள் சத்தம் மட்டும். அவர்கள் போகப்போக, நின்ற பயிர் அவர்கள் பின்னால் கைப்பிடி அரிகளாகப் படுத்தது. முருகையன் கட்டினார். கட்டுகளைத் தூக்கி மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அது என் வேலை.

முதல் கட்டைச் சாந்தி என் தலையில் ஏற்றினாள். கண்ணை மறைத்துக்கொண்டு கதிர் தொங்க, வரப்பில் நாலு எட்டு வைத்தேன். கட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வயலே சிரித்தது. கட்டு விழுந்து ஒரு கதிர் உதிர்ந்தாலும் சாந்தியின் நெல் ஆயிற்றே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தலையில் சுமப்பது எனக்கு வராது. எங்கள் பக்கம் கொழுந்து மூட்டையை முதுகில் போட்டு, அதன் பட்டையை நெற்றியில் மாட்டித்தான் சுமப்போம். கொட்டகைக்குள் போய்ச் சாந்தியின் பழைய புடவை ஒன்றை எடுத்துவந்தேன். நீளமாக மடித்து, கட்டைச் சுற்றி இறுக்கி, முதுகில் ஏற்றி, மடிப்பை நெற்றியில் மாட்டினேன். குனிந்து நடந்தேன். கால் தானாக வரப்பைப் பிடித்துக்கொண்டது. கைகள் இரண்டும் சும்மா இருந்தன.

"ஏ, மலைக்காரி முதுவுல தூக்குறா பாரு!" என்று யாரோ கத்தினார்கள். திரும்ப வெறுங்கையோடு வந்தபோது அஞ்சம்மா நிமிர்ந்து, "கழுத்து வலிக்கலியா?" என்றார்.

"பழக்கம்க்கா. எங்க ஊர்ல இதோட ஏத்தம் ஏறுவோம்."

"அப்ப ரெண்டு கட்டாத் தூக்கு" என்றார்.

இரண்டு கட்டாகத் தூக்கினேன். மாலைக்குள் எத்தனை நடை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் வரப்பில் ஒரு முறைகூடச் சறுக்கவில்லை. என் ஊர் எனக்குக் கொடுத்ததை என் தங்கை வயலில் கொண்டுவந்து வைத்துவிட்டேன் என்று மனதுக்குள் அவ்வளவு நிறைவாக இருந்தது. பொழுது சாயும்போது வயலில் அறுத்த தாள் மட்டும் நின்றது. மேட்டில் கட்டுகள் கொட்டகையை மறைத்துக்கொண்டு நின்றன.

மறுநாள் அடிப்பு. மரக்கட்டைகளைப் போட்டு, கதிரை ஓங்கி ஓங்கி அடித்தார்கள். நெல் தெறித்துக் குவிந்தது. கடல் பக்கமிருந்து காற்று வேகமாக வீசியதால் தூற்றுவது சுலபமாக இருந்தது. ஆனால் அந்தக் காற்றுதான் பயத்தையும் கொண்டுவந்தது. கிழக்கே வானம் ஈயப் பாத்திரம் மாதிரி கறுத்திருந்தது. மதியத்துக்குள் நெல்லைச் சாக்கில் பிடித்துவிட்டோம். ஆனால் சாக்குகளை எங்கே வைப்பது? பனைமரப் பாலத்தில் தூக்கிக்கொண்டு போய் ஊர் சேர்க்க நேரம் இல்லை. முருகையன் தார்ப்பாயை எடுத்து வந்து, அடுக்கி மூடிவிடலாம் என்றார். மேலே மூடலாம், அடியில் தண்ணீர் ஓடினால் என்ன செய்வது என்றார் அஞ்சம்மா.

சாந்தி கொட்டகைக்குள் போனாள். முதலில் கயிற்றுக்கட்டில் வெளியே வந்தது. பிறகு அடுப்பு. பிறகு பாத்திரங்கள், பாய், தலையணை.

"அக்கா, ஒம் பையத் தூக்கிக்க."

"ஏன்டி?"

"நெல்லு உள்ள வருது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கள் மரவீட்டில் விருந்தாளி கிளம்பும் முன் அவர் பையை வெளியே வைத்தால் என் வேலை போய்விடும். இங்கே என் பையையும் கம்பளியையும் நானே தூக்கி வெளியே வைத்தேன். தரையில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் பனம்பலகைகளைப் போட்டு, மூட்டைகளை அடுக்கினோம். ஒரு வரிசை, அதன் மேல் இன்னொரு வரிசை. சுவர் மறைந்தது. பரண் மறைந்தது. கடைசி மூட்டையை முருகையன் தோளால் முட்டி உள்ளே தள்ளினார். கதவு என்று இருந்த தட்டியைச் சாத்தி அவர் கயிறு கட்டும்போது முதல் துளிகள் விழுந்தன.

பெண்களில் பாதிப்பேர் வரப்பு வழுக்குவதற்கு முன் ஓடிவிட்டார்கள். மற்றவர்களும் நாங்களும் வாசலில் நாலு மூங்கில் நட்டுத் தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மழை என்றால் அப்படி ஒரு மழை. மலையில் மழை பள்ளத்தைப் பார்த்து ஓடிவிடும். இங்கே அது போக இடமில்லாமல் நின்றது. கண் முன்னாலேயே வெறும் தாள் நின்ற வயல் ஏரியாக மாறியது. நேற்று இதே நேரத்தில் அந்த இடத்தில் பயிர் இருந்தது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். அஞ்சம்மா தன் வீட்டுப் பால் கொண்டுவந்திருந்தார். இஞ்சி தட்டிப் போட்டு எல்லோருக்கும் டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் கல்லூரி மகள், "அம்மா, இதான் டீ. நம்ம குடிக்கிறது வேற என்னமோ" என்றாள். அஞ்சம்மா மறுக்கவில்லை. தம்ளரை மறுபடியும் நீட்டினார்.

முருகையன் மட்டும் உட்காரவில்லை. நனைந்துகொண்டே கொட்டகையைச் சுற்றி வந்தார். கூரையைப் புரட்டாசியில்தான் மாற்றிப் போட்டிருந்தார். அவர் கையால் வேய்ந்த கூரை. அது ஒழுகினால் எல்லாம் போயிற்று. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தட்டியின் இடுக்கில் தோள் வரை கையை விட்டுத் துழாவினார். சாந்தி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த டீ ஆறிப் போயிருந்தது.

"என்னாங்க?"

"இரு."

இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டு, ஒரு மூட்டையின் வாய்க்குள் கையை நுழைத்தார். பிறகு வெளியே எடுத்து, மூடிய கையோடு தார்ப்பாய்க்குள் குனிந்து வந்து, சாந்தியின் முன்னால் விரித்தார். உள்ளங்கையில் ஒரு பிடி நெல். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சொன்னார்:

"காஞ்சிருக்கு."

சாந்தி அந்த நெல்லை வாங்கி, இரண்டு கையாலும் பொத்தி மடியில் வைத்துக்கொண்டு குனிந்தாள். அவள் தோள் குலுங்கியது. அஞ்சம்மா அவள் முதுகில் கையை வைத்தார். எனக்கும் கண் நிறைந்தது. துடைக்க முந்தானையில் காய்ந்த இடம் இல்லை. எங்கள் அம்மா அப்பாவின் காலத்தில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு செடிகூட இருந்ததில்லை. தோட்டத்துக் கொழுந்துதான் கிள்ளினோம். முருகையன் வீட்டில் பிறர் வயலில்தான் அறுத்தார்கள். இந்தக் கொட்டகை நிறைய இருப்பது இவர்களுடையது. அந்த நினைப்பு என் மார்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. என் ஊருக்குத் திரும்பி இத்தனை நாளான பிறகும் அது இறங்கவில்லை.

இருட்டுவதற்குள் மழை தூறலானது. கருவாட்டுக் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டோம். கயிற்றுக்கட்டிலில் என்னைப் படுக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் வைக்கோலில். காலெல்லாம் சாரல் அடித்தது. ஆனாலும் என் வாழ்நாளில் இத்தனை நிம்மதியாகத் தூங்கியதில்லை.

காலையில் வெயில். நீர் வடிந்துகொண்டிருந்த வயல்களில் கொக்குகள் இறங்கியிருந்தன. சாந்தி டிரம் பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பனைமரப் பாலத்தில் மூன்று பேர் வருவது தெரிந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள். கருவேலம் மண்டிக் கிடந்த அந்த நிலங்களின் சொந்தக்காரர்கள். நேற்று மழைக்கு முன் ஊருக்கு ஓடிய பெண்கள் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

அவர்களில் மூத்தவர் மேட்டுக்குக் கீழேயே நின்று, தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். முருகையனின் அப்பா வேலை செய்தது இவர் வீட்டு வயலில்தான் என்று சாந்தி என்னிடம் பிறகு சொன்னாள். "தம்பி, குழியடிச்சான் போட்டீங்களாமே. அறுத்துட்டீங்கன்னும் கேள்விப்பட்டோம்" என்றார் அவர். கொஞ்சம் தயங்கினார். "எங்களுக்கும் வெத நெல்லு கொஞ்சம் கெடைக்குமாங்க? எப்புடிச் செஞ்சீங்கன்னும் உக்காந்து கேட்டுக்கிட்டுப் போவலாம்னுதான் வந்தோம்."

முருகையன் பதறிப்போனார். "வாங்கய்யா, வாங்க. ஏன் கீழயே நிக்கிறீங்க? உள்ள வந்து உக்காருங்க" என்று பழக்கத்தில் தட்டியைக் காட்டினார்.

சாந்தி எழுந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"உள்ள எடமில்லீங்க" என்றாள். "நெல்லு இருக்கு."